அக்கா சாப்பிட்ட பதினோராம் வகுப்பு

பிஷ்கெக்
மே 12, 2003

சிர்கா,

உன் கடிதத்தை வேன்காரன் எசென் நேற்று கொண்டுவந்து கொடுத்தான். முட்டைக்கூடைக்கு அடியில் வைத்திருந்ததால் பாதி எழுத்து மஞ்சளாக இருந்தது. படிக்க முடிந்த பாதியே என் தலைவலிக்குப் போதும்.

குதிரை குட்டி போட்டது, அதுவும் பெட்டைக் குட்டி. சந்தோஷம். ஆனால் "சூயுன்ச்சு! சூயுன்ச்சு!" என்று கத்திக்கொண்டு அந்தச் சேதியைக் கொண்டுவந்தவனுக்கு உங்கப்பா எதைக் கொடுத்தார் என்று படித்ததும் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். நான் அவருக்கென்று இரட்டைத் துணி வைத்துத் தைத்து அனுப்பிய ஜாக்கெட்டையா! நல்ல சேதி சொன்னவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதுதான். நானும் அந்த ஊரில் பிறந்தவள்தானே, எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தச் சேதி வந்தது எங்கிருந்து? பின்கட்டுக் கொட்டகையிலிருந்து முன்வாசலுக்கு. அதற்கு நாலு மிட்டாய் போதாதா?

இந்த வருஷம் உன் பத்தாம் வகுப்புக்கு மாதாமாதம் பணமாக அனுப்பிப் பார்த்தேன். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ, எவர் வீட்டுச் சாவுக்கோ மொய்யாகப் போனது. அதனால்தான் அடுத்த வருஷத்துக்குக் குதிரையாக வாங்கிக் கொடுத்தேன். மறுபடியும் சொல்கிறேன், உங்கப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. கோடை முழுக்கப் பால் கறந்து, புளிக்கவைத்து, குமிஸாக்கி ரோட்டோரம் விற்க வேண்டும். அது உன் விடுதிக்கு, புதுவருஷம் வரைக்கும். ஜனவரியில் குதிரையை விற்க வேண்டும். அது மீதி வருஷத்துக்கும் பொதுத் தேர்வுக்கும். குட்டி வளரட்டும், நீ கல்லூரிக்குப் போகும்போது உதவும். அந்தக் குதிரை உங்கப்பாவுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. அது உன் பதினோராம் வகுப்பு. கட்டி மேய்ப்பது மட்டும்தான் அவர் வேலை.

உன் அம்மா சோனூனும் நானும் ஒரே பெஞ்சு. ஒன்பதாம் வகுப்போடு இரண்டு பேரையும் நிறுத்தினார்கள். அவள் கல்யாணம் செய்துகொண்டாள், நான் தையல் மெஷினுக்கு வந்தேன். உன்னை அப்படி நிறுத்த விடமாட்டேன்.

கடைசியாக ஒன்று. குளிர்காலத்தில் விமானி ஆகிறேன் என்றாய். மார்ச்சில் மருந்தாளுநர் என்றாய், எனக்கு உயிர் வந்தது. இப்போது நீதிமன்றத்தில் வேலை என்கிறாய். உன் லட்சியம் என்ன, எசெனின் வேனா, கையைக் காட்டுகிறவர்களிடமெல்லாம் நிற்பதற்கு? மருந்தாளுநராகவே இரு. வெள்ளைக் கோட்டு, சூடான அறை, வருகிறவர்களுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பிருக்காது. உனக்கு அதுதான் சரி.

தமீரா


நாரின், பள்ளி விடுதி
அக்டோபர் 19, 2003

அன்புள்ள தமீரா அக்கா,

பால் வியாபாரம் நன்றாகவே நடந்தது. புதுவருஷம் வரைக்கும் விடுதிக்குக் கட்டியாகிவிட்டது. குட்டிக்கு நெற்றியில் வெள்ளை விழுந்திருக்கிறது. குதிரை கொழுத்துப் பளபளவென்று இருக்கிறது. அப்பா அதைத் தினமும் தேய்த்துவிடுகிறார். அம்மா, "என்னை இப்படி ஒருநாள் பாத்துக்கிட்டதுண்டா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டாள்.

மருந்தாளுநர் விஷயம். கோபப்படாமல் படியுங்கள். சனிக்கிழமை நானும் என் அறைத்தோழியும் குளிருக்கு ஒதுங்க நீதிமன்றத்துக்குள் நுழைந்தோம், அங்கே அடுப்பு எரியும். ஒரு கடாவுக்காக அண்ணன் தம்பி இருவர் வழக்குப் போட்டிருந்தார்கள். இருவரும் பொய் சொன்னார்கள். தம்பியின் வக்கீலம்மா நாலே கேள்வி கேட்டார். நாலாவது கேள்வியில் அண்ணன் வாயாலேயே கடா தம்பியுடையது என்று வந்துவிட்டது. அவர் குரலை உயர்த்தவே இல்லை அக்கா. நான் வக்கீலாகப் போகிறேன். இதற்கு மேல் மாறாது.

நவம்பர் விடுமுறைக்கு நீங்கள் ஊருக்கு வந்தே ஆக வேண்டுமாம். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நம்ம புள்ளைய படிக்க வைக்கிறாங்க, இந்த வீட்டு வாசப்படிய ஒருதரம் மிதிக்கல. ஊரு என்ன பேசும்? வரச் சொல்லு. வரலைன்னா நானே போய்த் தூக்கிட்டு வருவேன்." வந்துவிடுங்கள், அவர் செய்யக்கூடியவர்தான்.

சிர்கா


பிஷ்கெக்
நவம்பர் 14, 2003

சிர்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கப்பாவைப் பற்றி நான் இதுவரை எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த விருந்து! ஊரே உட்கார்ந்திருக்க, பெரியவர்களுக்கு வைக்கும் மரியாதை எலும்பை எனக்கு வைத்தாரே! ஒன்பதாம் வகுப்போடு ஊரைவிட்டு வந்தவளுக்கு அந்த ஊரில் இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. குடலில் அடைத்த அந்தக் கறியை நான் மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் தின்றதைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள். சிரியுங்கள். கட்டிக்கொடுத்த பங்கை இங்கே என் தையலறைப் பெண்கள் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார்கள். நூரிலா விரலைச் சூப்பிக்கொண்டே துணி வெட்டி ஒரு சட்டையைப் பாழாக்கினாள்.

உன் அம்மா என் நரிக்காலர் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். பாவம். ஆனால் அதைக் கழற்றிக் கொடுக்க என்னால் ஆகாது என்று அவளிடமே சொல்லிவிட்டேன். இரண்டு குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து வாங்கிய கோட்டு. என்னோடுதான் மண்ணுக்குப் போகும்.

ஆனால் உன்னை நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது. மூன்று நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். தட்டை என் முன்னால் வைக்கும்போது தூக்கிப் போடுவது போல வைத்தாய். உன் வக்கீல் ஆசையை நான் உடனே தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை என்று கோபமா? அந்தக் குட்டி ஒன்றுதான் உனக்கு மேல் குறைபட்டுக்கொண்டிருந்தது, ஓயாமல் கனைத்தது. தாய் எங்கே என்று கேட்டேன். "மலைப்பக்கம் மேயுது" என்றார் உங்கப்பா. இந்தப் பனியிலா? உள்ளே கட்டச் சொல்.

தமீரா


நாரின்
நவம்பர் 23, 2003

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. இப்போது கோபத்தில்தான் எழுதுகிறேன்.

குதிரை மலையில் மேயவில்லை. நீங்கள்தான் அதைச் சாப்பிட்டீர்கள்.

நீங்கள் வருவதற்கு முதல் நாள்தான் நான் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனேன். அதற்குள் எல்லாம் முடிந்து தோல் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. "அப்பா, அது என் பள்ளிக்கூடம்" என்றேன். அவர் சொன்னது: "உன்னைப் படிக்க வைக்கிறவங்க மொத மொத நம்ம வீட்டுக்கு வர்றாங்க. அவங்களுக்கு ஆட்டுக்கறி போடச் சொல்றியா? நாளைக்கு நான் எப்படி வெளியில தலை காட்டுறது?" வேறு குதிரை நம்மிடம் இல்லையே என்றேன். "அதான் இதை வெட்டினேன்" என்றார். அவருக்கு அது பதிலாகத் தெரிந்தது.

விருந்தாளி தட்டில் கை வைத்திருக்கும்போது இதைச் சொல்லக் கூடாது என்று அம்மா என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள், இன்னும் நீலமாக இருக்கிறது. நீங்கள் "இன்னும் ஒரு துண்டு" என்று கேட்டபோதெல்லாம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது பிப்ரவரி, இது மார்ச், இது பொதுத் தேர்வு. உங்கள் தையலறைப் பெண்கள் தின்றது அநேகமாக ஏப்ரல்.

என் முகம் அதனால்தான் அப்படி இருந்தது.

சிர்கா


பிஷ்கெக்
நவம்பர் 30, 2003

சிர்கா,

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே வாங்கி, நானே விதி போட்டு, நானே உட்கார்ந்து தின்று, ஏப்பம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்! இதில் உங்கப்பாவுக்கு நன்றி வேறு சொன்னேன். ஊரார் முன்னால் எழுந்து நின்று சொன்னேன்! எவராவது ஒருத்தர் என் காலையாவது மிதித்திருக்கலாமே.

சரி. கத்தி என்ன ஆகப் போகிறது? புதுவருஷத்துக்குப் பிறகு உள்ள விடுதிப் பணத்தை எசெனிடம் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாவது மெஷினை விற்றுவிட்டேன், எப்படியும் அது நூலை அறுத்துக்கொண்டுதான் இருந்தது. நீ படி. உங்கப்பாவிடம் நான் பேசுவதாக இல்லை.

தமீரா


காரா-தோபோ
ஜனவரி 11, 2004

அன்புள்ள அக்கா,

மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நான் வீட்டில் இருக்கிறேன். பள்ளி திறந்துவிட்டது, நான் போகவில்லை.

நீங்கள் அனுப்பிய பணத்தை அப்பா எசெனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். விடுதிக்கு அவரே வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வார்டன் அக்கா எவ்வளவோ சொன்னார்.  வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "எதுக்குய்யா புள்ளைய நிறுத்துறே?"

"அவங்க குதிரைய நாம தின்னாச்சு. அதுக்கு மேல காசும் வாங்கினா அதுக்குப் பேரு என்ன? எனக்கு வெக்கமா இருக்கு, சோனூன். ரெண்டு தரம் ஒரே கையில இருந்து வாங்கி என் குடும்பத்துக்குப் பழக்கமில்ல."

"தின்னது அவங்களும்தானே!"

"விருந்தாளி தின்னதைச் சொல்லிக் காட்டாதே."

இப்படியே போகிறது. அவர் கெட்டவர் இல்லை அக்கா, அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். இரவில் என் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி வைக்கிறார்.

ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு மூக்கு சிவக்கும், ஆனாலும் முழுக்கப் படியுங்கள். குதிரை உங்களுடையது என்பதை மறந்துவிடுங்கள். அது அப்பாவின் குதிரை. அவர் உங்களுக்காகத் தன் குதிரையை வெட்டி விருந்து வைத்தார். அவ்வளவு பெரிய விருந்து தின்றவர் பதில் விருந்து வைக்க வேண்டும், இல்லையா? அப்படியானால் கடன்பட்டவர் அப்பா இல்லை, நீங்கள். பதில் விருந்து வைக்க உத்தரவு கேட்டுச் சொல்லி அனுப்புங்கள், கொஞ்சம் பணிவாக. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிர்கா


பிஷ்கெக்
ஜனவரி 20, 2004

சிர்கா,

மூக்கு மட்டுமா சிவந்தது? காது, கழுத்து எல்லாம். என் குதிரையை எனக்கே சமைத்துப் போட்டவரிடம் நான் கடன்பட்டவளாம்! அதற்குப் பணிவு வேறு வேண்டுமாம்! குதிரையைத் தின்றால் கௌரவம், பணத்தைத் தொட்டால் அவமானம். இந்தக் கணக்கு எந்தப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள்? அந்தப் பள்ளிக்கு முதலில் தீ வைக்க வேண்டும்.

இதைக் கத்தரி மேஜையில் நூரிலாவிடம் கத்தினேன். அவள் நூலைக் கடித்துக்கொண்டே, "பொண்ணு சொல்றது சரிதானேக்கா. தின்னுட்டு வந்து இதுவரை ஒரு துண்டுத் துணிகூட நீங்க திருப்பி அனுப்பலையே" என்கிறாள். சம்பளம் கொடுப்பது நான்.

எசெனிடம் ஒரு மூட்டை அரிசி, உங்கப்பாவுக்கு நானே தைத்த ஒரு நீள அங்கி, திருப்பி வந்த அந்தப் பணம், எல்லாம் வருகிறது. "குபாத் அண்ணன் வைத்த விருந்துக்குப் பதில் செய்ய இந்தத் தங்கைக்கு உத்தரவு தர வேண்டும்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லும்போது என் பல் எப்படிக் கடிபட்டது என்று எசெனுக்குத் தெரியும், கேட்டுக்கொள். அந்த அங்கியையும் எவனுக்காவது கழற்றிக் கொடுத்தால் நான் பொறுப்பில்லை.

ஒரு மாதம் பாடம் போகிறது. சீக்கிரம் ஏதாவது செய்.

தமீரா


நாரின், பள்ளி விடுதி
பிப்ரவரி 3, 2004

அக்கா!

மேலே எழுதியிருக்கும் முகவரியைப் பார்த்தீர்களா?

எசென் மூட்டையை இறக்கி, நீங்கள் சொன்னதைச் சொன்னான். (பல்லைக் கடித்ததைச் சொல்லவில்லை, நல்லவன்.) அப்பா முகம் கறுத்துப்போய், "திருப்பி எடுத்துட்டுப் போ" என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் இருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதற்காகத்தான் அந்த நேரத்துக்கு டீ போட்டிருந்தேன்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நவம்பர்ல நீங்க வெட்டினது யாரோட குதிரை?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறியா? அவங்களோடது."

"அப்ப அடுத்தவங்க குதிரைய, அவங்களக் கேக்காம அறுத்திருக்கீங்க. நம்ம ஊர்ல அதுக்கு என்ன பேரு?"

அவர் கை மேலே போனது. அம்மா கெண்டியோடு குறுக்கே வந்தாள். பெரியவர் ஒருவர் இருமினார்.

"இல்ல, நம்ம குதிரைதான்னு சொல்லுங்க. அப்ப நீங்க விருந்து வச்சவர். குதிரை வெட்டி விருந்து வச்ச வீட்டுக்குப் பதில் விருந்து வந்தா, வாசல்லயே திருப்பி அனுப்புவீங்களா? இந்தக் குளிர்ல அவங்க இங்க வந்து சமைக்க முடியாது. அதனால உங்க பொண்ணுக்கு நாரின்ல சாப்பாடு போடுறாங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கப்பா. நீங்க விருந்து வச்சவரா, இல்ல மத்ததா?"

பெரியவர், "வச்சவன்னு சொல்லித் தொலைடா குபாத், டீ ஆறுது" என்றார்.

அப்பா எழுந்தார். வெளியே போய்க் குட்டிக்கு வைக்கோல் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார், அதால் தின்ன முடியாத அளவுக்கு. மறுநாள் காலை என் பெட்டி எசெனின் வேன் மேலே கட்டியிருந்தது. அப்பா அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றார். "இந்த வாய வச்சுக்கிட்டு மருந்துக்கடைக்குப் போகாதே. சனங்க நோயிலேயே செத்துரட்டும்" என்றார். அது வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

சிர்கா


பிஷ்கெக்
ஜூன் 22, 2004

சிர்கா,

உட்கார்ந்துகொண்டு படி. தேர்ச்சி மட்டும் இல்லை, சட்டக் கல்லூரியில் அரசாங்கச் செலவில் இடம். பலகையில் உன் எண் மேலிருந்து நாலாவது வரியில் இருந்ததாம். நூரிலா விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

சரி, மருந்தாளுநர் பேச்சை விட்டுவிட்டேன். ஒருவேளை வக்கீலுக்கும் சூடான அறை கொடுப்பார்கள்.

இப்போது கவனி. வாயைத் திறக்காதே. சனிக்கிழமை நானே வருகிறேன். உங்கப்பாவுக்கு இந்தச் சேதியைச் சொல்லப் போவது நான்தான், சூயுன்ச்சு எனக்குத்தான் வர வேண்டும். கேட்டதை அவர் மறுக்க முடியாது. நான் கேட்கப் போவது, அந்தக் குட்டி உயிரோடு இருக்க வேண்டும். உன் தேர்ச்சி விருந்துக்கு அதன் கழுத்தில் கத்தி வைப்பார், எனக்குத் தெரியும். இனி அந்த வீட்டில் நாலு கால் உள்ள எதையும் எனக்காக வெட்டக் கூடாது. பிஷ்கெக்கில் உன் சாப்பாடு, பஸ், புத்தகம் எல்லாம் அந்தக் குட்டியின் முதுகில்தான் இருக்கிறது.

எசெனிடம் நான் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. உறையை ஒட்டி, மேலே தையலும் போட்டிருக்கிறேன்.

தமீரா


காரா-தோபோ
ஜூன் 24, 2004

அன்புள்ள அக்கா,

நீங்கள் மூச்சு விடவில்லை. ஆனால் பஸ் நிலையத்தில் எசெனின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தீர்களாம். பத்து வருஷமாக அவனை மூட்டைக் கூலிக்குத் திட்டுகிறவர் நீங்கள். அவனுக்கு வேறென்ன தோன்றும்? மீதியை உங்கள் தையலறைப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானாம்.

அப்பா குட்டியைத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு ரோட்டோரம் வந்துகொண்டிருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எசென் தூரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். வேனை நிறுத்துவதற்குள்ளேயே தலையை வெளியே நீட்டி, "சூயுன்ச்சு, குபாத்! சூயுன்ச்சு!"

"என்னடா?"

"உம் பொண்ணு பாஸு! கவர்மென்டே வக்கீலுக்குப் படிக்க வைக்குது!"

அப்பா யோசிக்கவே இல்லை அக்கா. கையிலிருந்த குட்டியின் கயிற்றை வேன் ஜன்னல் வழியாக எசெனின் மடியில் போட்டார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். எசென், "ஐயோ, நான் சும்மா ஒரு பாட்டில் குமிஸ்தான் எதிர்பார்த்தேன்" என்றான். அப்பா, "எடுத்துக்க. எடுத்துக்கடா" என்றார். உங்கள் கடிதம், தையல் போட்ட உறையோடு, அப்போது அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

நான் கத்திக்கொண்டே ஓடினேன். நல்ல வாதம் ஒன்று வாயில் தயாராக இருந்தது. குட்டி அவருடையது இல்லை, கொடுக்க அவருக்கு உரிமை இல்லை, கொடுத்தது செல்லாது. கிட்டே போனால் அவர் ரோட்டோரப் புழுதியில் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. ஜனவரியில் என் பெட்டியைத் தூக்கி வந்தவர் இவர்தானா என்று நின்றுவிட்டேன். இத்தனை நாளும் இது வேண்டும் என்று அவருக்கு இவ்வளவு இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. எனக்கு வாதாட வாய் வரவில்லை. முதல் தடவையாக.

நீங்கள் சனிக்கிழமை வந்து என்ன கேட்பது? இனி எதுவும் இல்லை, ஒரு கோழியைத் தவிர. அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். வராதீர்கள்.

சிர்கா


பிஷ்கெக்
ஜூலை 1, 2004

சிர்கா,

எசென் இளித்துக்கொண்டு வந்து நின்றான். அவனுக்கு நான் டீ கூடக் கொடுக்கவில்லை. "குட்டிய வேணா திருப்பிக் கொடுத்துர்றேன்க்கா, ஆனா உங்க குபாத் அண்ணன் வாங்க மாட்டேங்கிறாரு" என்கிறான். வாங்க மாட்டார்தான். வாங்கினால் நல்ல சேதியைத் திருப்பி அனுப்பின மாதிரி ஆகிவிடுமாம். இந்த மனிதரை என்ன செய்வது?

உங்கப்பாவைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன். முன்யோசனை இல்லாதவர், கையில் இருப்பது நாளைக்கு வேண்டும் என்று தெரியாதவர், ஒரு சத்தம் கேட்டால் வீட்டையே தூக்கிக் கொடுப்பவர் என்றெல்லாம். நன்றாகவே வந்திருந்தது. நூரிலாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு அடுத்த அறைக்குப் போய் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் பலகையில் உன் எண்ணைப் பார்த்துவிட்டு அவள் படியேறி ஓடிவந்தாள். மூச்சு வாங்க, "சூயுன்ச்சு, தமீராக்கா!" என்று வாசலிலிருந்தே கத்தினாள். லைனிங் துணியை மாற்ற என் நரிக்காலர் கோட்டை மேஜைமேல் விரித்துப் போட்டிருந்தேன். அதைத்தான் எடுத்து அவள் தோளில் போட்டேன். அவள் வேண்டாம் என்றாள். போட்டுக்கொள்ளடி என்று நான்தான் அதட்டினேன். இந்த வெயிலில்.

உங்கப்பாவிடம் நான் ஒன்றும் கோபமாக இல்லை என்று சொல். கோழியை விட்டுவிடச் சொல். மெஷினை எடுத்த மூலையில் உன் கட்டிலைப் போட்டிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் வந்துவிடு.

வரும்போது உன் அம்மாவிடம் சொல்லி, இருப்பதில் கனமான கோட்டாகப் பார்த்துக் கொண்டு வா. பெரிய அளவாக இருக்கட்டும். இந்தக் குளிர்காலத்துக்கு நம் இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான்.

தமீரா